சைட் போட்ட நிலத்தில் இறங்கினேன், ஜோயலண்ணா

விடியும் முன்பே எங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, ஹார்ன் அடித்தால் தெரு விழித்துக்கொள்ளும் என்று சும்மாவே காத்துக்கொண்டிருப்பாயே, அந்த என் ஜோயலண்ணாவுக்கு,

உன்னைக் கொன்றது நம் விமானப் பயிற்சிப் பள்ளியின் பகட்டு. அதைச் சொல்லிக்கொடுத்த கேப்டன் இன்னும் அதே அறையில், அதே பலகையில், அதே நீளக் கோட்டை வரைந்து பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்.

உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் இதை வேறு ஆட்களும் படிக்கப்போகிறார்கள். அவர்களுக்காக அந்தக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். சின்ன விமானம் இறங்கும்போது ஓடுதளத்தை ஒட்டியே ஒரு சுற்று வரவேண்டும். உயரத்தை விடாமல் வந்து, கிட்டத்திலேயே திரும்பி இறங்கவேண்டும். நடுவில் இன்ஜின் கைவிட்டாலும் மிதந்தே தரையைத் தொட்டுவிடலாம். நம் பள்ளியில் அது கேவலம். "நாளைக்கு நீங்க பெரிய விமானம் ஓட்டப்போறவங்க. ஆட்டோக்காரன் மாதிரி டக்குனு திரும்பாதீங்க" என்பார் கேப்டன். அதனால் இரண்டே பேர் உட்காரும் பழைய டப்பாவை, ஏதோ வெளிநாட்டிலிருந்து பயணிகளை ஏற்றி வருகிற மாதிரி எங்கோ தூரத்துக்குக் கொண்டுபோய், தாழ்வாக, நீளமாக, இன்ஜின் பலத்திலேயே இழுத்துக்கொண்டு வருவோம். நீ அதற்குக் கல்யாண ஊர்வலம் என்று பேர் வைத்தாய். "பொண்ணு வீடு அடுத்த தெருவுல இருந்தாலும் ஊரைச் சுத்தித்தான் வருவாங்க" என்றாய்.

போன மழைக்காலத்தில் அப்படி ஒரு ஊர்வலத்தின் நடுவில்தான், ஓடுதளத்துக்கு முன்னால் இருக்கிற நீலகிரித் தைலமரத் தோப்பில், நீ விழுந்தாய். தனியாகப் பறந்துகொண்டிருந்தாய். இன்ஜின் சத்தம் கடைசிவரை கேட்டது என்று தோப்பில் விறகு பொறுக்கியவர்கள் சொன்னார்கள். அதை வைத்து முடிவு எழுதிவிட்டார்கள்: இன்ஜினில் கோளாறு இல்லை, மாணவர் தாழ்ந்துபோனார், விசை கொடுக்கத் தவறினார், விமானத்தின் மூக்கைத் தூக்கிச் சமாளிக்கப் பார்த்து வேகம் செத்து விழுந்தார். மொத்தத்தில், பையன் தூங்கிவிட்டான்.

சரி. இப்போது சேதிக்கு வருகிறேன். உட்கார்ந்து கேள். உன்னால் உட்கார முடியாது என்றால் மிதந்துகொண்டே கேள்.

எனக்கும் அதுவே நடந்ததுண்ணா! அதே பள்ளி, அதே ரக விமானம், அதே மேற்குக் காற்று. நான் உயிரோடு இருக்கிறேன். கையில் ஒரு சிராய்ப்பு, நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். இதை எழுதும்போதும் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. அப்பா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "தரையில உக்காந்துட்டு எங்கடி ஓட்டற?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நீ போன பிறகு நான் ஊர்வலம் போவதை நிறுத்திவிட்டேன். கேப்டன் கண்ணில் படும்போது மட்டும் நீளமாகப் போவேன். தனியாகப் பறக்கிற நாளில் ஓடுதளத்தைத் தோள்பக்கமே வைத்துக்கொண்டு, உயரத்தைக் கஞ்சத்தனமாகச் சேர்த்துவைத்து, சட்டென்று திரும்பி இறங்குவேன். இதற்காக இரண்டு தடவை என்னைப் பறக்கவிடாமல் தரையில் உட்காரவைத்தார்கள். விஹானை ஞாபகம் இருக்கிறதா? அவன் அப்பாவுக்கு வைட்ஃபீல்டில் மூன்று கட்டடம். "செல்வி, உங்க ஆளுங்களுக்கு லேண்டிங்லயும் கோட்டா இருக்கா? க்யூவுல நிக்காம உள்ள வர்றியே" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தான். நான் அரசு உதவியில் படிப்பவள் என்று பள்ளி முழுக்கத் தெரியும். காக்ஸ் டவுனில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர் மகள் வேறு எப்படி விமானத்தில் ஏறுவாள்? முதல் நாள் வாசல் காவலர் என்னைத் துப்புரவு வேலைக்கு வந்தவள் என்று நினைத்துப் பின்வாசலைக் காட்டினார். நீதான் வண்டியை நிறுத்திவிட்டு, "அவ என் தங்கச்சி. பைலட்" என்றாய். அதற்கு முன்னால் நீ என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அன்றைக்குச் சாயங்காலமே லிங்கராஜபுரம் போகிற வழியில் என்னைக் காக்ஸ் டவுனில் இறக்கிவிட ஆரம்பித்துவிட்டாய்.

சரி, விமானத்துக்கு வா.

போன வியாழக்கிழமை காலை. நல்ல ஆடிக் காற்று. அம்மியே பறக்கும் காற்றில் நம் மஞ்சள் வால் விமானம் எம்மாத்திரம்? சுற்று வந்து, ஓடுதளத்துக்கு இணையாகப் பறந்து, இறங்குவதற்காக விசையைக் குறைத்தேன். பனிக்கட்டி பிடிக்காமல் இன்ஜினுக்குள் சூடான காற்றை விடும் குமிழை அதற்கு முன்பே இழுத்துவிட்டேன். இதை இங்கே எழுதிவைக்கிறேன், நாளைக்கு நான் அதை மறந்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. இறக்கை மடல் ஒரு படி இறக்கினேன். ஓடுதளத்தை நோக்கித் திரும்பத் தொடங்கினேன். காற்று என்னை நினைத்ததைவிட அதிகமாகத் தள்ளிக்கொண்டுபோனது. ஓடுதளத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே தரை தட்டிவிடுவேன் போலிருந்தது. அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. கொஞ்சம் விசை கொடுத்தால் போதும்.

த்ராட்டில் குமிழைத் தள்ளினேன்.

அண்ணா, அது போய்க்கொண்டே இருந்தது. தண்ணீருக்குள் கை விட்ட மாதிரி. எப்போதும் உள்ளே ஒரு பிடிப்பு இருக்குமே, அது இல்லை. குமிழ் கடைசிவரை போய் முட்டி நின்றது. இன்ஜின் மட்டும் எதுவும் நடக்காத மாதிரி புர் புர் என்று முனகிக்கொண்டிருந்தது. நிற்கவில்லை. இருமவில்லை. டீக்கடை வாசலில் நிற்கிற ஆட்டோ மாதிரி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே இழுத்து மறுபடி தள்ளினேன். புர் புர்.

அந்த நொடியில் பயம் வரவில்லை என்றால் நம்புவாயா? முதலில் வந்தது கோபம். இன்ஜின் சத்தம் கடைசிவரை கேட்டது! தோப்பில் இருந்தவர்கள் கேட்டது இதுதானா? இதே புர் புர்தானா? கை கடைசிவரை தள்ளியிருக்கிறது, கீழே நிற்கிறவன் காதுக்கு இன்ஜின் நன்றாக ஓடுகிறது, எழுதுகிறவன் பேனாவுக்குப் பையன் தூங்கிவிட்டான். எனக்கு வாய்விட்டுக் கெட்ட வார்த்தை வந்தது. ரேடியோ பொத்தானை அமுக்கியிருந்தேனா என்று இன்னும் சந்தேகம்.

பிறகு பயம் வந்தது. அது மண்டைக்கு வருவதற்கு முன்னால் கைக்கு வந்துவிட்டது. இடது கை தானாகவே மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது. நான் தூக்கவில்லை, சத்தியமாக. ஓடுதளம் அங்கே தெரிகிறது, கூப்பிடுகிறது, கொஞ்சம் எட்டினால் பிடித்துவிடலாம் என்று உடம்பு நம்புகிறது. மூக்கைத் தூக்கினால் தூரம் போகலாம் என்பது உடம்பு சொல்லும் பொய். வேகம் செத்தால் இறக்கைக்குக் காற்றுப் பிடிக்காது, கல்லாக விழவேண்டியதுதான். கீழே தோப்பு. உன் தோப்பு.

மூக்கை இறக்கினேன். தரையைப் பார்த்து இறக்கினேன் அண்ணா, விழுந்துகொண்டிருக்கும்போது இன்னும் குனிவது எவ்வளவு அசிங்கமான வேலை என்று உனக்குத் தெரியும். வேகம் திரும்ப வந்தது. இறக்கை பிடித்துக்கொண்டது. எரிபொருள் சரி. சாவி சரி. கலவைக் குமிழ் சரி. எதைத் தொட்டாலும் புர் புர்தான்.

ரேடியோவில் "மேடே" என்று ஆபத்துக் குரல் கொடுத்தேன். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்த ஆள் நிதானமாக, "ரன்வேக்கு வந்துடுவீங்களா?" என்று கேட்டார். கண்ணாடியில் ஓடுதளத்தைப் பார்த்தேன். அது மேலே ஏறிக்கொண்டே போனது. நாம் போய்ச்சேரும் இடம் கண்ணாடியில் அசையாமல் நிற்கும், போய்ச்சேராத இடம் மேலே ஏறும். எத்தனை தடவை இதைச் சொல்லிச் சிரித்திருப்போம், பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைக்கும் இதே கணக்குதான் என்று.

"மாட்டேன்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதுதான் கஷ்டம். நம் பள்ளியில் அது கெட்ட வார்த்தை. "நல்ல பைலட் விமானத்தை வீட்டுக்குக் கொண்டுவருவான்" என்று வாசலிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். வயலில் இறக்கிச் சக்கரத்தை உடைத்தவனை அதன் பிறகு யார் திரும்பக் கூப்பிட்டார்கள்? வசதியான வீட்டுப் பையன் என்றால் வேறு பள்ளிக்குப் போவான். நான்? உதவித்தொகை போய்விடும், அதோடு முடிந்தது. இத்தனையும் அந்த உயரத்தில் மனதில் ஓடியது. இன்ஜின் கைவிட்டிருக்கும்போது ஒரு பெண் தன் உதவித்தொகையைப் பற்றி யோசிக்கிறாள் என்றால் அந்தப் பள்ளிக்கு அதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்?

உடையட்டும் என்று முடிவு செய்தேன். விமானம் அவர்களுடையது. கழுத்து என்னுடையது.

இடதுபக்கம் பார்த்தேன். தோப்பைத் தாண்டி, வீட்டுமனைகளாகப் பிரித்து சைட் போட்ட லேஅவுட் ஒன்று. நாலு வருஷமாக வீடே வராத லேஅவுட். பெரிய வளைவு, சிங்க பொம்மை இரண்டு, உள்ளே வரிசை வரிசையாக வெள்ளையடித்த எல்லைக்கல், நடுவில் செம்மண் சாலை. ஒரு காலத்தில் அங்கே தக்காளி விளைந்தது, இப்போது விலை மட்டும் விளைகிறது என்று நான் திட்டிய அதே இடம். அன்றைக்கு அந்தச் செம்மண் சாலை கண்ணாடியில் அசையாமல் நின்றது.

மெதுவாகச் சாய்த்துத் திருப்பினேன். மூக்கு இறங்கியே இருக்கட்டும், இறங்கியே இருக்கட்டும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே. சாலை நிச்சயம் என்று தெரிந்த பிறகுதான் முழு மடலையும் இறக்கினேன். எரிபொருளை மூடினேன், சாவியைத் திருப்பினேன், மின்சாரத்தை அணைத்தேன். இறங்கும்போது இறுகிக்கொண்டால் வெளியே வரமுடியாதே என்று கதவைத் திறந்துவிட்டேன். அப்போது ஒரு அமைதி வந்தது பார், காற்று மட்டும். ஒரு நாய் குரைப்பதுகூடக் கேட்டது.

பின்சக்கரங்கள் தொட்டன. துள்ளியது. மறுபடி தொட்டது. செம்மண் கண்ணாடி முழுக்க அப்பியது. இடது இறக்கை ஒரு எல்லைக்கல்லைப் பிடுங்கிக்கொண்டு போனது, விமானம் பம்பரம் மாதிரி அரைச்சுற்று சுற்றி, முன்சக்கரம் மடங்கி, மூக்கு குத்தி நின்றது. நெற்றி எங்கோ இடித்தது. கதவைத் தள்ளிக்கொண்டு குதித்து ஓடினேன். ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தேன். தீ இல்லை. கைகளைத் தூக்கிக்கொண்டு கத்தினேன் அண்ணா! என்ன கத்தினேன் என்று தெரியாது. ஆடினேன் என்றே சொல்லலாம்.

லேஅவுட் காவலாளி குடையோடு ஓடிவந்தார். மழைகூட இல்லை, எதற்குக் குடை என்று அவருக்கும் தெரிந்திருக்காது. விமானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயில் பழகிய வார்த்தைதான் வந்தது.

"மேடம், சைட் நோடோக்கே பந்த்ரா?"

சைட் பார்க்க வந்தீர்களா என்று கேட்கிறார்! எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "ஐயோ அம்மா" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஓ, தமிழா?" என்று அவர் உடனே மாறிக்கொண்டார். "அதை முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா? அடி பட்டிருக்கா? தண்ணி குடிக்கறியா? ஏம்மா, அந்தக் கல்லு புக்கிங் ஆன சைட்டும்மா. ஓனரு வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"விமானம் இடிச்சிடுச்சுன்னு சொல்லுங்க."

"நம்புவாரா?"

"அதைக் காட்டுங்க, நம்புவாரு."

அவர் விமானத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "குடிச்சிருக்கேன்னு சொல்லுவாரு" என்றார் வருத்தமாக.

பள்ளி ஜீப் வந்தது. கேப்டன், மெக்கானிக், கூடவே வேடிக்கை பார்க்க விஹான். கேப்டன் இறங்கி என்னைத் தாண்டிப்போய் விமானத்தைச் சுற்றிப் பார்த்தார். இறக்கை, சக்கரம், மூக்கு. அப்புறம்தான் என்னிடம் வந்தார். அடிபட்டதா என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"பவர் ஏன் குடுக்கலை?" என்றார்.

அண்ணா, அதே வார்த்தை! உன் சவப்பெட்டிக்கு முன்னால் உன் அம்மாவிடம் மெதுவான குரலில் சொன்னாரே, அதே வார்த்தை. "பவர் குடுத்திருந்தா வந்திருப்பான்மா."

"குடுத்தேன் சார்."

"இன்ஜின் ஓடிட்டே இருந்ததுன்னு டவர்ல சொல்றாங்க."

"ஓடிட்டுதான் இருந்துச்சு. நான் சொன்னதைத்தான் கேக்கலை. நீங்களே உக்காந்து தள்ளிப் பாருங்க."

அவர் போகவில்லை. "முதல்ல பள்ளிக்குப் போகலாம், ரிப்போர்ட் எழுதணும், ஷாக்ல இருக்க" என்று தோளைத் தொட்டார். நான் நகரவில்லை. மெக்கானிக் கேப்டன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது யார் போய் உட்கார்ந்தது தெரியுமா? விஹான். உள்ளே ஏறி த்ராட்டிலைத் தள்ளினான். இழுத்தான். தள்ளினான். அவன் முகத்தில் இருந்த நக்கல் வடிந்துபோனதை என் கண்ணால் பார்த்தேன்.

"சார், இது சும்மா போகுது" என்றான். "இதுல ஒண்ணுமே இல்ல சார்."

இறங்கி வந்து, மெக்கானிக்கிடம் இன்ஜின் மூடியைத் திறக்கச் சொன்னான். அவன் சொன்னால் திறப்பார்கள், நான் சொன்னால் ரிப்போர்ட் எழுதவேண்டும். சரி, அது இருக்கட்டும். மூடியைத் திறந்தார்கள். குமிழிலிருந்து இன்ஜினுக்குப் போகும் கேபிளின் நுனி, பிடி விட்டு, அறுந்த பல்லி வால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. விஹான் போனை எடுத்தான். கேப்டன், "விஹான், வேண்டாம்" என்பதற்குள் வீடியோ நம் மாணவர் குழு முழுக்கப் போய்விட்டது.

நியாய உணர்ச்சி என்று நினைத்து அவனைப் பெருமைப்படுத்தாதே. வெள்ளிக்கிழமை அதே விமானத்தில் பறக்கவேண்டியவன் அவன். ஜீப்பில் திரும்பும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தான். "செல்வி, நான் லாங்காதான் வருவேன். நான்னா தோப்புலதான் விழுந்திருப்பேன்" என்றான். அவனுக்கே தெரிந்ததை நான் ஏன் சொல்லவேண்டும்?

சாயங்காலம் கேப்டன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முதல் தடவையாக எனக்கு டீ வந்தது, பீங்கான் கோப்பையில். நான் நன்றாக இறக்கினேன் என்றார். என் பெயரைப் பாராட்டுக்கு எழுதி அனுப்பப்போகிறேன் என்றார். உதவித்தொகைக்கு எந்த ஆபத்தும் வராது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு விஷயம். இதை ஜோயல் கேஸோட முடிச்சுப் போட்டுப் பேசாத. அது வேற, இது வேற. அவங்க அம்மா இப்பதான் தேறிட்டு வர்றாங்க."

"அது வேறன்னு யார் சார் பாத்தாங்க? அந்தக் கேபிளைப் பாத்தாங்களா?"

"இன்ஜின் ஓடிட்டு இருந்துச்சும்மா. எதுக்குப் பாக்கணும்?"

"அந்த இன்ஜின் இப்ப எங்க சார்?"

யோசிக்காமல் சொல்லிவிட்டார். "பழைய ஹேங்கர்ல கிடக்குது. அடுத்த மாசம் ஸ்க்ராப்புக்குப் போகுது."

கிடக்கிறது! இன்னும் கிடக்கிறது அண்ணா! டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். எப்படிப் பஸ் ஏறினேன் என்று ஞாபகம் இல்லை. லிங்கராஜபுரத்தில் இறங்கி, உங்கள் வீட்டுச் சந்தில் ஓடினேன்.

உன் அம்மா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்கள். ரிச்சர்ட்ஸ் டவுன் பள்ளிக்கூடத்தில் இப்போது ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார்கள். என் நெற்றியைப் பார்த்ததும் பேனா கீழே விழுந்தது. எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். வீடியோவைக் காட்டினேன். சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்த என் மடத்தனத்தை என்ன சொல்ல. போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார்கள்.

"அவனோட வருஷ ஜெபத்தன்னைக்கு நான் என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா செல்வி?" என்றார்கள். "என் பிள்ளை கவனக்குறைவா இருந்துட்டான், மன்னிச்சிடு ஆண்டவரேன்னு. எல்லார் முன்னாடியும் சொன்னேன். அவனுக்காக நான் மன்னிப்புக் கேட்டேன்."

"அது தப்பா இருக்கலாம் ஆன்ட்டி. இன்ஜினைத் திறந்து பாத்தா தெரிஞ்சிடும். குடும்பத்துலருந்து எழுதிக் குடுத்தா விசாரணையை மறுபடி எடுப்பாங்க. பஸ்ல வரும்போதே போன்ல விசாரிச்சுட்டேன்."

"திறந்து பாத்து, கேபிள் சரியாத்தான் இருக்குதுன்னா?"

கையிலிருந்த போனைப் பைக்குள் வைத்தேன்.

"இப்ப எனக்கு ஒரு தடவை செத்திருக்கான். அப்ப ரெண்டாவது தடவை சாவான். இன்னைக்கு நீ வந்து ஒரு ஆசையக் குடுத்துட்ட. அதோட இதை விட்டுட்டா நான் அந்த ஆசையிலயே இருந்துடுவேன் கண்ணு. இருக்கலாமா, கூடாதா? நீயே சொல்லு."

எனக்கு இருபத்துநாலு வயது. இதற்கு என்ன பதில் சொல்வது? நான் பொய் சொல்லத் தெரியாதவள், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "சரியா இருந்தாலும் அவங்க சொல்லிக்குடுத்ததுதான் ஆன்ட்டி தப்பு. அவ்வளவு தூரத்துல, அவ்வளவு தாழ்வா ஒருத்தனைக் கொண்டுபோய் விட்டா, அவன் ஒரு நிமிஷம் அசந்தாலே சாவுதான். ஒரு நிமிஷம் அசராத மனுஷன் யாரு? அண்ணா கேபிளால செத்தாலும் சரி, அசந்து செத்தாலும் சரி, அந்த ஊர்வலம்தான் அவனை அங்க கொண்டுபோச்சு. அதுக்கும் இன்ஜினைத் திறந்தாத்தான் மறுபடி பேச முடியும்."

அவர்கள் விடைத்தாள்களைச் சேர்த்துக் கட்டினார்கள். காபி போட்டார்கள். எனக்குச் சர்க்கரை போட மறந்துவிட்டார்கள். குடித்து முடித்ததும், "நாளைக்கு லீவ் போடறேன். எங்க போகணும்னு கூட்டிட்டுப் போ. உன் நெத்திக்கு முதல்ல மருந்து போடு" என்றார்கள்.

போனோம். விமான விபத்துகளை விசாரிக்கும் அலுவலகத்தில் ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முடிந்துபோன கேஸ் என்றார். உன் அம்மா டீச்சர் குரலில், "முடிஞ்சுபோச்சுன்னா எழுதிக் குடுங்க, கையெழுத்தோட" என்றார்கள். அந்தக் குரலுக்கு நீயும் பயப்படுவாய்தானே? அவரும் பயந்தார். மேலே அனுப்பினார்கள். விஹானின் வீடியோ அதற்குள் எங்கெங்கோ சுற்றி அங்கேயும் வந்திருந்தது. ஹேங்கர் கொட்டகையில் கிடக்கும் இன்ஜினை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போய்விட்டது. வருகிற திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் பிரிக்கப்போகிறார்கள். உன் அம்மா வருகிறார்கள். அப்பா பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அந்த மஞ்சள் வேனிலேயே எங்களைக் கூட்டிப்போகிறேன் என்கிறார்.

நான் மறுபடி பறக்கிறேன். கேப்டன் பலகையில் அந்த நீளக் கோட்டை வரைந்தபோது நேற்று வகுப்பில் கைதூக்கினேன். "சார், அந்தக் கோட்டுல எந்த இடத்துல இன்ஜின் நின்னா எங்க இறங்குவோம்? வரைஞ்சு காட்டுங்க" என்றேன். அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வேறு பாடத்துக்குப் போய்விட்டார். பின்வரிசையில் மூன்று பேர் அதே கேள்வியைத் தங்கள் நோட்டில் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன்.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். இனி எவனுக்காகவும் நான் ஊர்வலம் போகமாட்டேன். என்னோடு பறக்க வருகிறவர்களையும் போகவிடமாட்டேன். திங்கட்கிழமை அந்த மூடியைத் திறக்கும்போது உன் அம்மா பக்கத்தில் நிற்பேன். உள்ளே எது இருந்தாலும் அவர்கள் கையை விடமாட்டேன்.

ஆனால் அதற்கு முன்னால் எனக்குத் தெரியவேண்டும். அந்த அம்மாவை நான் எதற்குள் கூட்டிக்கொண்டுபோகிறேன் என்று தெரியவேண்டும். எனக்குத் தோன்றுவது வேண்டாம், நான் நம்புவது வேண்டாம். நீ சொல். தோப்பு மேலே வரும்போது த்ராட்டிலைத் தள்ளினாயா, இல்லையா? இரண்டில் எதுவானாலும் தாங்கிக்கொள்வேன். சும்மா இருக்காதே. சொல்லுண்ணா.

வாசலில் வைத்து நீ ஊருக்கெல்லாம் அறிமுகப்படுத்திய உன் தங்கச்சி,
செல்வி